கைகட்டக் கற்றவள்

அழகுத்தாய்க்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. ஆனால் கண்ணில் பட்டதைக் கை பற்றிவிடும். அடுப்பில் எரிகிற விறகு, அடுத்த வீட்டுக் கோழி, கங்காணியின் தலைப்பாகை, எதுவானாலும் அவளுக்கு ஒன்றுதான். தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா, இவளைக் கொண்டுவந்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அப்பன் மொக்கையன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். அதனால் குருவம்மாள் கொழுந்து கிள்ளப் போகும்போது மகளின் இடுப்பில் பழஞ்சேலையைச் சுற்றி, கூலி ஜனம் குடியிருக்கும் லயத்து வீட்டுச் சன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போவாள். இருட்டும்போது வந்து அவிழ்ப்பாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல லயத்தில் ஆள் இருந்தது. ஒரு நாள் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

கேரளம் என்று புது ராஜ்யம் ஆன மறு வருஷம், எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பாஸ்கல் அவளைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். மலைக்குக் கீழே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு இல்லம் திறந்திருக்கிறார்கள். சோறு போட்டு, கூடவே ஆள் வைத்துப் பழக்குகிறார்கள்.

"எல்லாப் பிள்ளையையும் எடுக்க மாட்டாங்க குருவம்மா. சுத்துவட்டாரத்துக்கே ஒரு இடந்தான் காலியாம். மழை விட்டதும் டாக்டர் ஒருத்தர் வருவாரு. பிள்ளையைச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எடுப்பாரு."

"என்ன சோதனைங்கய்யா?"

அது பாஸ்கலுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற வழக்கம் கம்பவுண்டர்களுக்கு ஏது? "எல்லாம் வந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டு மருந்து கலக்கப் போய்விட்டார்.

பெற்ற பிள்ளையை யாரோ எவரிடமோ விடக் குருவம்மாளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே சன்னல் கம்பி இருக்காது. அந்த ஒன்றுக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். சோதனை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? மேலிருந்து யார் வந்தாலும், துரையானாலும் சரி, துரையைப் பார்க்க வந்த துரையானாலும் சரி, லயத்து ஜனம் வரிசையாகக் கைகட்டி நிற்கும். வாசல் சுத்தமாக இருக்கிறதா, ஆள் அடங்கி நிற்கிறதா, அவ்வளவுதான் அவர்கள் பார்ப்பது. ஒரு தடவை அழகுத்தாய் ஓடிப்போய்த் துரையின் கைத்தடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். அன்றைக்குக் கங்காணி பேசிய பேச்சு குருவம்மாளின் காதில் இன்னும் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சின்னத்தாயியும் அதையேதான் சொன்னாள். "வார டாக்டர் கண்ணாடிய கிண்ணாடிய பிடுங்கிட்டான்னா முடிஞ்சுது மதினி. முதல்ல கைய அடக்கப் பழக்கு."

அந்த அடைமழைக் காலம் முழுக்க வீட்டுக்குள் அதே பாடம்தான். சீப்பு, கரண்டி, கண்ணாடி வளையல் என்று ஒவ்வொன்றாக மகளின் முன்னால் வைப்பாள். கை நீண்டால் புறங்கையில் ஒரு தட்டு. கைகட்டி இருந்தால் வாயில் ஒரு துண்டுக் கருப்பட்டி. அழகுத்தாய் அலறினாள், கடித்தாள், சுவரில் முட்டிக்கொண்டாள். குருவம்மாளும் சேர்ந்து அழுதாள், ஆனால் விடவில்லை. மழை ஓய்கிற சமயம் ஒரு நாள், கண்ணாடி வளையல் முன்னால் மின்னிக்கொண்டிருக்க, பிள்ளை தானாகக் கைகட்டி, தலை குனிந்து, அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தது. குருவம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்றும் மண்டையில் ஏறாது என்று ஊரே கைவிட்ட பிள்ளை படித்துவிட்டாளே.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வந்தார். மலையாளத்துக்காரர், நடுவயசு, சிரித்த முகம். மேஜைமேல் ஒரு பலகையை வைத்தார். அதில் வட்டமாகவும் சதுரமாகவும் குழிகள். பக்கத்தில் அந்தக் குழிகளில் பொருந்துகிற சிவப்பு, மஞ்சள் கட்டைகள். வட்டக்கட்டையை எடுத்துத் தானே ஒரு முறை குழியில் வைத்துக் காட்டினார்.

"மோளே, இது எடுத்து வெக்கு."

"எடுத்து வையி பாப்பா" என்றார் பாஸ்கல்.

சிவப்புக் கட்டையைப் பார்த்ததும் அழகுத்தாயின் கண் விரிந்தது. வலது கை மெல்ல விலகியது. சுவரோரம் நின்ற குருவம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள். கை பழையபடி கட்டிக்கொண்டது.

டாக்டர் பந்து உருட்டினார். மணி அடித்தார். பொம்மையை மடியில் வைத்தார். பிள்ளை சிலையாக உட்கார்ந்திருந்தது. குருவம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. டாக்டர் அவளிடமும் கேட்டார், வீட்டில் எப்படி என்று.

"யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல சாமி. எதையும் தொடமாட்டா. இருக்கிற இடம் தெரியாது."

டாக்டர் பெருமூச்சு விட்டு, பாஸ்கலிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பாஸ்கல் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எடுக்க முடியாதாம் குருவம்மா. ஒரு சாமானைப் பாத்துக் கை நீட்டணும்னுகூடத் தோணாத பிள்ளையைப் பழக்க முடியாதுங்காரு."

குருவம்மாளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஓடிவந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் சாமி நீட்டக்கூடாதுன்னு பழக்குனேன். மழை பூராவும் அடிச்சு அடிச்சுப் பழக்குனேன். எடு தாயி. எடுத்து வையிடி."

அழகுத்தாய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கருப்பட்டிக்கு வாயைத் திறந்தாள்.

பாஸ்கல் எல்லாவற்றையும் மலையாளத்தில் எடுத்துச் சொன்னார். டாக்டர் நல்ல மனுஷர்தான். கட்டைகளை மறுபடி பரப்பி, ஜீப்புக்காரன் ஹாரன் அடிக்கிறவரை காத்திருந்தார். பிள்ளை வாயை மூடவுமில்லை, கையைப் பிரிக்கவுமில்லை. அம்மா சொல்வதை நம்புகிறேன், ஆனால் நான் கண்ணால் கண்டதை வைத்துத்தான் முடிவு சொல்லவேண்டும் என்றார். காலியாக இருந்த அந்த ஓர் இடத்துக்கு, கீழ் எஸ்டேட்டில் ஒரு பையன் காத்திருந்தான்.

"இவ்வளவு படிச்சவ இன்னும் படிக்க மாட்டாளா சாமி?" என்று குருவம்மாள் கேட்டது டாக்டருக்குத் தமிழிலேயே விளங்கியிருக்கவேண்டும். அவர் கட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் கொம்பு ஊதியது. குருவம்மாள் பழஞ்சேலையை எடுத்தாள். கட்டுகிற நேரமெல்லாம் அழகுத்தாய் துள்ளி விழுவாள், சேலையைப் பிடித்துப் பிடுங்குவாள், வீடே இரண்டுபடும். இன்றைக்கு அவளே சன்னலடியில் போய் உட்கார்ந்து, கைகட்டித் தலை குனிந்துகொண்டாள். முடிச்சுப் போட்ட பிறகு குருவம்மாளுக்குத் தாங்கவில்லை. முடிச்சை அவிழ்த்தாள். சேலையின் முனையைப் பிள்ளையின் கையருகே ஆட்டினாள்.

"பிடுங்குடி தாயி. ஒரு தடவை பிடுங்கு."

பிள்ளை அசையவில்லை. கொம்பு மறுபடியும் ஊதியது. குருவம்மாள் திரும்பவும் முடிச்சுப் போட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.