பனியாற்றுக்குப் பெண் பார்க்கப் போன வான்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் கமலநாயகி அக்கா. ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தெருவில் இருப்பவர். மூன்று கிழமையாக என்னைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "தம்பி கிருபன், ரெண்டு பேரும் பனியில நிண்டு என்ன கதைச்சவை?"

பதில் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்று அவருடைய மகள் ஆரணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் கதை எழுத மாட்டேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜெர்மனியின் மிக உயரமான மலையில், வெண்போர்வை போர்த்திய"

வெட்டிவிட்டேன். அது ஓகஸ்ட் மாதம், போர்வை எதுவும் இல்லை. ட்சுக்ஸ்பிட்ஸ மலையில் நாங்கள் கண்ட பனியாறு சாம்பல் நிறத்தில் கல்லும் மண்ணும் பூசிக் கிடந்தது. பங்குனியில் சூப்பர்மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் அழுக்காய் ஒரு பனிக்குவியல் மிஞ்சிக் கிடக்குமே, அதைப் பெரிதாக்கினால் இது. மாப்பிள்ளையின் தாய் சுந்தரேஸ்வரி மலை உணவகத்தின் கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்துவிட்டு, "இதுதானோ?" என்றார்.

(மாப்பிள்ளை என்ற சொல் அவசரப்பட்டு வந்துவிட்டது. அழித்தால் கதை விளங்காது, இருக்கட்டும்.)

அடுத்து இப்படி: "புலம்பெயர்ந்த நம்மவரிடையே பெண் பார்த்தல் என்னும் வழக்கம் அடைந்திருக்கும் மாற்றங்களை"

இது கட்டுரை. இதையும் வெட்டினேன். விஷயம் சின்னது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்க மாட்டார்கள். அதனால் இரண்டு குடும்பமும் கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ "தற்செயலாக" சந்திப்பது வழக்கம். பிடிக்காவிட்டால் யாருக்கும் முகம் கறுக்காது. ஆரணி மியூனிக் பல்கலைக்கழகத்தில் பனியாறு உருகுவதை அளந்து ஆய்வு செய்கிறவள். கோடை முழுக்க மலையில்தான் நிற்பாள், திருவிழாவுக்கு வர மாட்டாள். எனவே தற்செயலை மலைக்குக் கொண்டுபோவதென்று அக்கா முடிவு செய்தார்.

நம்ப மாட்டீர்கள், இரண்டு வீட்டாரும் ஒரே நாளுக்கு, ஆட்கள் ஏற்றும் என் வான் வண்டியைக் கேட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு வான். தற்செயலாகச் சந்திக்க வேண்டியவர்கள் எசனிலிருந்து ஆல்ப்ஸ் வரை முழங்கால் இடிபட ஒன்றாக இருந்து வந்தார்கள்.

"நீங்கள் எங்க போறியள்?" என்று சுந்தரேஸ்வரி கேட்டார்.

"சும்மா, மலை பாக்க. நீங்கள்?"

"நாங்களும் சும்மாதான்."

பின் இருக்கையில் வினோஜன், அதாவது மேற்படி மாப்பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். இரண்டு வீட்டிலும் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

3

எனக்குச் சந்தேகம் வந்திருப்பது கமலநாயகி அக்காவின் பாத்திரத்தில்.

மலை ரயில் நிலையத்து உணவகத்தில் ஆரணி எங்களுடன் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டாள். பிறகு, "வாங்கோ, நான் வேலை செய்யிற இடத்தைக் காட்டுறன்" என்றாள். கல்லுக்கு மேலே கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். சுந்தரேஸ்வரி குளிர் என்று எழும்பவேயில்லை. அக்கா, "எனக்கு முழங்கால் ஏலாது, பிள்ளை. நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றார். துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

எழுதும்போது அந்த முழங்கால் என்னை உறுத்துகிறது. தேர்த் திருவிழாவில் வெறுங்காலோடு தார் வீதியில் தேருக்குப் பின்னால் சுற்றி வந்தவர் இவர். முழங்கால் அல்ல, பயம். அங்கே போனால் மகள் எதையாவது சொல்லிவிடுவாள் என்ற பயம். என்ன சொல்லிவிடுவாள் என்பதைத் திரும்பி வரும் வழியில், பெற்றோல் நிலையத்தில், அக்காவே என்னிடம் சொன்னார்:

"பெடியன் சரிவராட்டியும் பரவாயில்லைத் தம்பி. பிள்ளை எசனுக்கு வந்திட்டாளெண்டாக் காணும். வீட்டில நான் தனியத்தானே."

அதைக் கேட்டதும் நான் கோப்பி வாங்குகிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

4

பனியில் நடந்தது. சொல்லக்கூடியது மட்டும்.

ஆரணி மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தாள். உருகுவதை அளக்கப் பனிக்குள் துளைத்து இறக்கிய ஒரு கம்பின் அருகே எங்களை நிறுத்தினாள். கம்பு வினோஜனின் தலைக்கு மேலே நின்றது.

"போன வருஷம் எவ்வளவு வெளியில நிண்டது?" என்று அவன் கேட்டான்.

"ஒண்டுமில்லை. நுனி மட்டுந்தான் தெரிஞ்சது."

அவன் கம்பை அடியிலிருந்து நுனிவரை பார்த்தான். சுற்றிலும் தண்ணீர் ஓடுகிற சத்தம். பிறகு அவள் அவனிடம் சொன்னாள்: "நான் வாற வருஷம்..."

(வாக்கு.)

அவன் தலையாட்டினான். இருவரும் சிரித்தார்கள். சிரித்ததைச் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆரணி என் கையைப் பிடித்தாள். "மாமா, அம்மாக்கு நீங்கள் சொல்லாதேங்கோ. இவ்வளவு தூரம் வந்தவ, நான் நிக்கிற இடத்துக்கு மட்டும் வரேல்லை. இங்க வரட்டும். நானே சொல்லுறன்."

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆரணி "ஓம்" என்கிறாள், எசனில் மண்டபம் பார்க்கிறோம். இன்னொன்றில் நோர்வேயில் இதைவிடப் பெரிய பனியாறு ஒன்று அவளைக் கூப்பிடுகிறது. மூன்றாவதில் வினோஜனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள், அவன் வந்தது தாய்க்காக. இவற்றில் ஒன்று உண்மை. வாசகர்களே, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை.

இந்தக் கதையின் ஒரு வாசகருக்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

6

அக்கா, என் கதை எதை வாசித்தாலும் ரெலிபோன் எடுத்து, "முடிவைக் காணேல்லை" என்பீர்கள். இதற்கு எடுக்க வேண்டாம். முடிவு என்னிடம் இல்லை. அது அங்கே, நீங்கள் நடக்காத அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு அப்பால், மஞ்சள் ஜாக்கெட்டோடு நிற்கிறது. அது உங்களுக்குப் பிடித்த முடிவாக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. யார் அதைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

புதுப் பனி கொட்டத் தொடங்கும் வரை அவள் அங்கேதான். வெள்ளிக்கிழமை காலை வான் உங்கள் வாசலுக்கு வரும். இந்த முறை வேறு யாரையும் ஏற்ற மாட்டேன். ரோல்ஸ் கொண்டுவரலாம். சேலை வேண்டாம் அக்கா, நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.