சார்ஜ் போட வசதியில்லீங்க்கா

"அங்க சார்ஜ் போட வசதியில்லீங்களே அக்கா" என்று மனோஜ்குமார் போனில் சொன்னபோது கீதா அதை நம்பிவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வெளியூர்க்காரி யாராவது நம்பியிருந்தால் பாவம் என்று விட்டுவிடலாம். கருமத்தம்பட்டியில் பிறந்து, தறிக்கூடத்தில் வளர்ந்து, நூல் வியாபாரிகளோடு பேசிப் பேசியே பாதித் தலை நரைத்தவள் நம்பலாமா? நம் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்து 'முடியாது' என்று சொல்வதில்லை. அது மரியாதையில்லை. அதற்குப் பதில் ஒரு சிரமத்தைச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு வர மனமில்லாதவர் வீட்டில் அன்றைக்கென்று பார்த்து பம்ப்செட் ரிப்பேராகும். பெண் கொடுக்க விருப்பமில்லாத வீட்டில் பெண் இன்னும் இரண்டு வருஷம் படிக்க ஆசைப்படும். கேட்டவர் "அப்படீங்களா, அதனாலென்னங்க" என்று காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். பம்ப்செட்டைச் சரிபண்ண ஆள் அனுப்பக் கூடாது.

கீதா ஆள் அனுப்பினாள். அவ்வளவு களைத்துப் போயிருந்தாள்.

அவளுடைய அப்பா தம்பிதுரைக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு குழறுகிறது, புத்தி மட்டும் பழையபடி தெளிவு. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாண வாழ்க்கை ஒத்துவராமல் தாய்வீட்டுக்கே திரும்பியிருந்த கீதாவின் தலையில் தறியும் விழுந்தது, அப்பாவும் விழுந்தார். எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவள்தான். ஏதாவது வேண்டுமென்றால் அவர் இடது கையால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். எட்டுத் தறியும் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினால் கேட்காது, அந்த டம்ளர் மட்டும் அவளுக்குக் கேட்டுவிடும். கேட்ட உடனே கால் தானாகக் கிளம்பிவிடும்.

இப்போது அவள் கர்ப்பப்பையில் கட்டி. உதிரப்போக்கு நிற்பதே இல்லை, படியேறினால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. எடுத்தே ஆக வேண்டும், எடுத்த பிறகு ஒரு மாசம் ஒரு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குடத்தைத் தூக்காமல் இருந்துவிடலாம். அப்பாவைத் தூக்காமல் எப்படி இருப்பது? இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் தள்ளிப் போட்டாள். ஏஜென்சியிலிருந்து ஆள் வைத்துப் பார்த்தாள். அந்த ஆளிடம் தம்பிதுரை வாயைத் திறக்கவில்லை, சோற்றுக்குக்கூட. மூன்றாம் நாள் அந்த ஆளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதனால்தான் தம்பியிடம் கேட்டாள். மனோஜ்குமாருக்குப் பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே அடுக்குமாடி வீடு. ஆயுதபூஜைக்குத்தான் கரண்டு கார் ஒன்று எடுத்திருந்தான். ஒரே ஒரு மாசம், ராத்திரி இங்கே வந்து தங்கி அப்பாவைப் பார்த்துக்கொண்டு, காலையில் இங்கிருந்தே ஆபீஸ் போய்விடு என்றாள். பகலுக்குப் பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவன் தயங்காமல் சரி என்றான். சரி என்றுவிட்டுத்தான், ராத்திரி சார்ஜ் போடாவிட்டால் காலையில் வண்டி நகராதே, அங்கே அதற்கு வசதியில்லையே என்று வருத்தப்பட்டான்.

அப்பாவை உன் வீட்டில் வைத்துக்கொள் என்று அவள் கேட்கவில்லை. இந்த வீட்டை விட்டு அப்பா நகரமாட்டார் என்பது அவளாகச் செய்துகொண்ட முடிவு. மகன் வீடானாலும் அவர்களாக அழைக்காமல் அனுப்பக் கூடாது என்பது இன்னொரு முடிவு. இரண்டையும் அவள் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

தறிக்கூடத்துக்கு ஒயரிங் செய்த ராமுலுவைக் கூப்பிட்டாள். தறிக்கு வருகிற லைனிலிருந்தே இழுத்துவிடலாமா என்று கேட்டாள். தறிக் கரண்டைக் காருக்குப் போட்டால் லைனையே கட் பண்ணிவிடுவார்கள் என்று அவன் தலையை ஆட்டினான். வீட்டு மீட்டரில்தான் எடுக்க வேண்டும், அதற்கு லோடு கூட்ட வேண்டும், அதற்கு ஈபி ஆபீசுக்கு நடக்க வேண்டும். நடந்தாள். ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் பார்க்க வேண்டியவர் லைன் வேலைக்குப் போயிருந்தார், ஒரு நாள் எல்லாரும் இருந்தும் இவள் கொண்டுபோன வரி ரசீது பழசு. மீட்டர் அப்பா பேரில் இருந்ததால் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. தம்பி கார் நிறுத்துவதற்காக என்று சொல்லித் தாளை நீட்டினாள். தம்பிதுரை அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடது கையால் கோணல்மாணலாகப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது போர்டிகோ. கார் நிற்க வேண்டிய இடம் பல வருஷமாகக் பாவு நூல் சுற்றுகிற காலி பீம் உருளைகளுக்கும் நூல் மூட்டைகளுக்கும் சொந்தமாக இருந்தது. தறி ஓட்டுகிறவர்கள் ஷிப்ட் முடிந்து ஒரு கை கொடுத்தார்கள், மிச்சத்தை அவளே உருட்டினாள். அன்று சாயங்காலம் இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. பிறகு எர்த் குழி. காருக்குத் தனி எர்த் வேண்டும் என்று ராமுலு கேட்டுக்குப் பக்கத்தில் இடம் காட்டினான். முழங்கால் ஆழம் போனதும் சுக்கான்கல். கடப்பாரை விழுந்தால் தீப்பொறி வந்ததே தவிர மண் வரவில்லை. உடைக்கிற மிஷின் கொண்டுவந்து ஒரு பகல் முழுக்கக் குடைந்து, கரியும் உப்பும் கொட்டி, கம்பியை இறக்கி மூடினார்கள். நடுநடுவே டம்ளர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு தடவை மட்டும் அவனே கூப்பிட்டு, "எதுக்குங்க்கா இவ்வளவு சிரமம் எடுத்துக்கறீங்க" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பிக்குத்தான் தன்மேல் எவ்வளவு பாசம் என்று தெய்வாத்தாளிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். இதற்கு மேல் ஒரு மனுசன் எப்படித்தான் சொல்லுவான்?

டாக்டரம்மாவிடம் வெள்ளிக்கிழமைக்குத் தேதி வாங்கினாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மனோஜ்குமார் சார்ஜரைப் பார்க்க வந்தான். மைசூர்பா டப்பாவோடு வந்தான். மனைவி அக்ஷிதாவுக்கு ஏதோ வேலை, அதனால் அவன் மட்டும். சுவரில் புதுப் பெட்டியைப் பார்த்து, ரொம்ப நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினான். ஒயரை எடுத்துக் காரில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து டம்ளர் தட்டியது. தம்பிதுரைக்குக் காரில் உட்கார்ந்து பார்க்க ஆசை.

இரண்டு பேருமாகத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். மனோஜ்குமார் அப்பாவின் கால்களைப் பிடித்திருந்தான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. எட்டுத் தறி இரைச்சலுக்கு மேலே அதட்டிப் பேசிய மனுசனுக்கு இப்போது எச்சில் ஒழுகுவதை அவனால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். பார்க்க முடியாததைப் பார்க்காமல் இருக்கிற வசதி அவனுக்கு இருந்தது. கீதாவுக்கு இல்லை.

போன் வந்து அவன் அந்தப் பக்கம் போனான். அப்பா ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, கீதா டிரைவர் சீட்டில் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எதிரே டிவி மாதிரி பெரிய திரை. அதில் பேட்டரிப் படம் முக்கால் பாகம் நிறைந்திருந்தது. பக்கத்தில், இன்னும் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போகலாம் என்று எழுதியிருந்தது.

பீளமேடு இங்கிருந்து இருபது கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். வாரம் முழுக்க இங்கிருந்தே அவன் ஆபீசுக்குப் போய் வந்தாலும் சார்ஜ் போட வேண்டியதில்லை. அப்படியே தீர்ந்தாலும் அவன் வீட்டில் போட்டுக்கொள்ளலாம். இத்தனை நாளும் அங்கேதானே போட்டான்?

கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். 'எதுக்குங்க்கா இவ்வளவு சிரமம்' என்று அவன் கெஞ்சியதை நினைத்தாள், உடம்பே கூசியது. தம்பி எத்தனை நாகரிகமாக வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்! அவள் பாட்டுக்குப் பாறையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மனோஜ்குமார் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். "சார்ஜர் அருமையா இருக்குதுங்க்கா. ஆனா பாருங்க, இங்க நெட்டு சித்தெ வீக்கா இருக்குதுங்களே. ராத்திரில எனக்கு மீட்டிங் வேற இருக்கும்" என்றான்.

நெட் போடலாம். அது போட்டதும் கொசு என்பான். கொசுவலை கட்டினால் வேறொன்று வரும். வெள்ளிக்கிழமை போய்விடும். கீதா காரிலிருந்து இறங்கினாள். உள்ளே போய் அப்பாவின் வேட்டி, துண்டு, மாத்திரை டப்பா, ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் பெரிய பையில் அடைத்தாள். பையையும் வாக்கரையும் கொண்டுவந்து காரின் பின்னால் வைத்தாள். அவன் என்னங்க்கா என்னங்க்கா என்று கூடவே நடந்தான். அவள் அக்ஷிதாவுக்குப் போன் போட்டு, அவனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்ஷிதா, மாமாவ ஒரு மாசம் அங்க வெச்சுப் பாத்துக்கறதா மனோஜ் சொன்னானுங்க. உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம். இந்த உதவிய நான் மறக்கமாட்டனுங்க" என்றாள்.

நன்றியை முதலில் சொல்லிவிட்டால் எதிராளி மறுக்க வழியில்லை என்பது நூல் வியாபாரிகளிடம் அவள் படித்த பாடம். வீட்டு மனுசர்களிடம் அதுவரை அதைக் காட்டியதில்லை.

"சிரமமென்னங்க அண்ணி, நம்ம மாமாதானுங்களே" என்றாள் அக்ஷிதா. அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தானே, வேறென்ன சொல்ல முடியும்?

மனோஜ்குமாரின் முகம் சுருங்கிப்போயிற்று. நான் எப்போது சொன்னேன் என்று ஆரம்பித்தான்.

"நீ சொல்லல" என்றாள் கீதா. "வெள்ளிக்கெழம எனக்கு ஆபரேசன் மனோஜு. இனித் தள்ளிப்போட எனக்கு ஒடம்புல ரத்தம் இல்ல. நீ இங்க வரமாட்டே, அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. நெட்டெல்லாம் போடமாட்டேன்."

இப்படி வெட்டுக்கத்தியாட்டம் அவள் யாரிடமும் பேசியதில்லை. இன்னும் ஒரே ஒரு வழிதான் அவனுக்கு மிச்சம் இருந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். கார் ஜன்னலில் குனிந்து, "அப்பா, அங்க மூணாவது மாடிங்க. உங்களுக்கு ஒத்துக்குமாங்க?" என்றான்.

அவர் ஒத்துக்காது என்று தலையை அசைத்தால் போதும், எல்லாம் முடிந்தது. பையைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். தம்பிதுரை வாயைக் கோணிக்கொண்டு வார்த்தையைத் தேடினார். அவருக்கு ஒவ்வொன்றும் கிணற்றிலிருந்து வர வேண்டும்.

"லிப்ட்டு... இருக்குதல்ல" என்றார்.

மனோஜ்குமார் ஜன்னலிலிருந்து நிமிர்ந்தான். அவர் மகளைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். "ஏன் அம்மணி... மொதல்லயே என்னயக் கேட்டிருந்தா... குழி வெட்டியிருக்க வேண்டாமல்ல" என்றார்.

அவள் அழுதுவிட்டாள். இவர் நகரமாட்டார் என்று யார் சொன்னது? அவளேதான் சொல்லிக்கொண்டாள். கையெழுத்துப் போடும்போது அவர் அப்படிப் பார்த்தாரே, அப்போதாவது கேட்டிருக்கலாம். தம்பி ஒரு சாக்குச் சொன்னான் என்றால் அவள் அப்பாவுக்கும் சேர்த்து ஒரு சாக்கை வைத்திருந்திருக்கிறாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, பெல்ட்டை மாட்டிவிட்டாள். டம்ளரைப் பையில் வைக்கட்டுமா என்றதற்கு அவர் வேண்டாமென்று கையிலேயே பிடித்துக்கொண்டார்.

மனோஜ்குமார் ஒயரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினான். மாத்திரை எப்போதெப்போது என்று கேட்டான். அவள் சொன்னாள். சாப்பாட்டைக் குழைத்துக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டான். சொன்னாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க்கா. வெள்ளிக்கெழம நானும் வாரேன்" என்றான். அவன் வருவானா என்று அவள் யோசிக்கவில்லை, யோசிக்கத் தெம்பில்லை.

கார் கிளம்பியது அவளுக்குத் தெரியவே இல்லை. அந்த வண்டிக்கு இரைச்சலே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தறியும் ஓடவில்லை. எர்த் குழிமேல் போட்ட சிமெண்டு மூடியைத் தாண்டி அது கேட் அருகே போனபோது, கண்ணாடியில் டங் டங் என்று டம்ளர் தட்டுகிற சத்தம் கேட்டது. கீதாவின் கால் தானாகக் கிளம்பி ஓடியது.

கார் நின்றது. உள்ளேயிருந்து, "என்னங்கப்பா, என்ன வேணும்?" என்று தம்பி கேட்பது காதில் விழுந்தது. அவள் போர்டிகோவின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.