அளவுப் பெட்டி

ஸ்டூல்மேல் ஏறி நின்று, வாசல் நிலைக்கு மேலிருந்த அளவுப் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள் இவள். அப்பா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே கட்டிலருகில் நர்ஸம்மா மூச்சு மெஷினின் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆட்கள் வருவதற்குள் இந்த ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். அழுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

பெட்டிக்குள் சிவப்பு ஒயர்த் துண்டு ஒன்று இருந்தது. இவள் செருகியதுதான்.

ஊரில் மொத்தம் முப்பத்தொரு வீடு. மின்வாரியத்தின் பெரிய கம்பத்து லைன் கீழ்ச்சாலையோடு நின்றுவிட்டது. மேட்டில் ஊருக்குப் பொதுவான சோலார் பலகைகள், பக்கத்தில் பேட்டரி அறை, அதன் சாவி இவளிடம். வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு போன். அதைத் தாண்டினால் அளவுப் பெட்டி அந்த வீட்டுக் கரண்டை நிறுத்திவிடும். பெட்டிக்குள் கை வைத்தால் ஒரு மாதம் இணைப்பே கிடையாது. அந்தச் சட்டம் இவள் போட்டதுதான். பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒருமுறை கல்யாணத் துணி அவசரத்தில் பெட்டி நிறுத்தாமலிருக்க இப்படி ஒரு ஒயரைச் செருகியபோது, தாட்சண்யம் பார்க்காமல் ஒரு மாதம் இருட்டில் உட்காரவைத்தாள். அன்றிலிருந்து ஊரில் இவளுக்கு ஃபியூஸம்மா என்று பெயர்.

அப்பா முப்பது வருஷம் குவாரியில் கல் உடைத்தவர். அந்தத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷினைக் கொடுத்தனுப்பினார்கள். அது எட்டு வீட்டுக் கரண்டைத் தின்னும் என்று இவளுக்குத் தெரியும். ஊரைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். சாகக் கிடப்பவருக்காகக் கேட்டால் யாராலும் மறுக்க முடியாது, அதனால்தான் கேட்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் வெட்கம். தையல்காரியின் முகத்தைப் பார்த்து எந்த வாயால் கேட்பது?

ஒன்பது நாள். அதில் ஏழு நாள் வானம் மூடியே கிடந்தது. தினமும் பேட்டரி அறைக்குப் போய் மீட்டர் முள்ளைப் பார்ப்பாள். முள் சிவப்புக் கோட்டைத் தொடவே இல்லை. நம்ம பேட்டரி தங்கம் என்று நர்ஸம்மாவிடம் பெருமைகூட அடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் இப்பல்லாம் பொழுதோட தூங்கிடுறாங்க போல," என்று நேற்றுச் சாயங்காலம் ஜன்னலைப் பார்த்தபடி அப்பா இழுத்து இழுத்துச் சொன்னார்.

"பேசாதீங்கப்பா. மூச்சு வாங்கும்," என்றாள். அவர் இவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒயரைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டபோது கீழே ஸ்டூலை யாரோ பிடிப்பது தெரிந்தது. தையல்காரி.

"மெதுவா எறங்கு. ஸ்டூல் ஆடுது."

இறங்கினாள். மூடிய கையைப் புடவைக்குள் மறைக்கப் போனவள், மறைக்காமல் நின்றாள். பிறகு விரலைத் திறந்து காட்டினாள்.

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும்."

"எப்ப?"

"மொத நாளே. சாயங்காலம் எங்க வீட்டு பல்பு மங்குச்சு, உங்க வீட்ல மெஷின் சத்தம் நிக்கவே இல்ல. எனக்குத் தெரியாத ஒயரா அது?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும்தான்." தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு ஒரு பல்பு போதும்னு பேசிக்கிட்டோம். அப்புறம் வானம் மூடிக்கிச்சு. அதுவும் வேணாம்னு விட்டுட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே."

"சொன்னா நீ ஒயரப் புடுங்கிருப்ப. சட்டம் பேசுவ. மாமா மூச்ச நடுவுல வச்சுக்கிட்டு உங்கூட யாரு வாதம் பண்றது?"

தையல்காரிக்குத் தையல் மோட்டார் மாட்டிக் கொடுத்ததே இவள்தான், ஃபேனுக்குப் பதிலாக. ஒன்பது நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடவில்லை. கடகடவென்று கால்மிதிச் சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. இவள் காதிலும் விழுந்தது. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உறைக்கவில்லை.

"ஒரு மாசம் கட் பண்ணியே, அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு," என்றாள் தையல்காரி. "அது வேற, இது வேற."

"எனக்கும் ஒரு மாசம் கட் பண்ணணும்க்கா."

"பண்ணிக்க. நாளைக்குப் பண்ணு. இன்னைக்கு ஆளுங்க வருவாங்க, வெளிச்சம் வேணும்."

நர்ஸம்மா மூச்சு மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த ஊரில் ஒருவர் காத்திருக்கிறார் என்றார். இவளுடைய தோளைத் தொட்டுவிட்டு, ஸ்கூட்டரின் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தூறல் விழ ஆரம்பித்தது. வருகிறவர்கள் உட்கார முற்றத்தில் தார்ப்பாய் கட்ட வேண்டும். இருந்த ஒன்றும் நடுவில் முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தையல்காரி அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு ஓட்டு ஓட்டிக் குடுத்துடுறேன். நீ போய் மாமாகிட்ட உக்காரு."

"அக்கா," என்றாள் இவள். "தார்ப்பாய் தடிமன். மிதிச்சா ஊசி ஏறாது. மோட்டாரப் போடுங்க."

தையல்காரி தலையாட்டிவிட்டுப் போனாள்.

இவள் அளவுப் பெட்டியின் மூடியை மறுபடி வைத்து நாலு திருகாணிகளையும் இறுக்கினாள். ஒயர்த் துண்டை ஜன்னல் மேடையில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள். பிறகு போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு மெஷின் இல்லாத அறை காலியாக இருந்தது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் முனகிக் கிளம்பியது. ஒரே சீரான ரீங்காரம். இவள் கை தானாக எழுந்து, நழுவிய குழாயைச் சரிசெய்ய அப்பாவின் மூக்கருகே போனது. குழாய் இல்லை. அது பதிந்த கோடு மட்டும் கன்னத்தில் இருந்தது. பக்கத்து வீட்டில் ஓட்டு முடியும்வரை அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள்.