துரு என்று நினைத்த இடம்

காருக்கு வயது ஐம்பதுக்கு மேல். நான்கு சக்கரம், பளபளக்கும் வெண்ணெய் நிறம், சாவியைத் திருப்பியதும் உறுமும் எஞ்சின் என்று எல்லாம் இருந்தது. அது யாருடையது என்று சொல்ல மட்டும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

வாகனப் பதிவு அலுவலகத்தின் முற்றத்தில், ஆய்வாளர் அம்மா பானெட்டைத் திறந்து பாதி உடம்பை உள்ளே நுழைத்துத் தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி மூக்குக்கு இறக்கினார்.

"வண்டி நம்பரையே காணோமே" என்றார்.

"நல்லாப் பாருங்க மேடம்" என்றான் மச்சான். "கோழிப் பண்ணையில கிடந்த வண்டி. ஏதாவது கோழி கொத்திட்டுப் போயிருக்கும்."

"இரும்பு கோழிக்குச் செரிக்குமா?"

"அந்தப் பண்ணைக் கோழியை நீங்க சாப்பிட்டுப் பாத்திருந்தா இப்படிக் கேக்க மாட்டீங்க."

மச்சான் என்பது செத்துப்போன மனைவியின் தம்பி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவன். அந்த அலுவலகத்தில் வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை அவனுக்குப் பழக்கம். வாய் ஓயாது. பக்கத்தில் நின்ற இவன், அந்த அக்காவின் புருஷன், அதற்கு நேர்மாறு. ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறான். வகுப்புக்கு வெளியே இவன் பேசி யாரும் கேட்டு நாளாகிவிட்டது.

காரை வாங்கியது மனைவிதான். பண்ணைக்காரரிடம் பேப்பர் கேட்டபோது அவர் சிரித்திருக்கிறார். "நிலம் வாங்கினேன். கிணறும் ஒரு கிழட்டு நாயும் இந்தக் காரும் கூடவே வந்துச்சு. நாய்க்குப் பேப்பர் இருந்தா காருக்கும் இருக்கும்." அவள் பின் இருக்கையிலிருந்து கோழிகளை இறக்கிவிட்டு, காரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஓய்வு நாளெல்லாம் அதன் அடியில்தான் கிடந்தாள். வேலை முடிந்தது. பதிவு செய்வதற்குள் ஒரு காய்ச்சல் வந்தது. போய்விட்டாள்.

பேப்பர் இல்லாத வண்டியைப் பதிவு செய்ய ஒரு வழி இருந்தது. உறுதிமொழிப் பத்திரம் எழுதியாயிற்று. நாளிதழில் அறிவிப்பு கொடுத்தாயிற்று. வண்டி என்னுடையது என்று ஒருவரும் வரவில்லை. மிச்சம் இருந்தது சேஸிஸ் எண்தான். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவரில் அதைக் குத்தியிருப்பார்கள். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, திருட்டு வண்டிப் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவர் இருந்தது. அது பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

ஆய்வாளர் சுவரைத் தடவினார். முகம் மாறியது.

"எண்ணை மறைக்கிறது யாரு தெரியுமா? திருடன். எண் கிடைச்சா கொண்டு வாங்க. இல்லைன்னா இது வண்டியே கிடையாது, வெறும் இரும்பு."

இரும்பு என்று அவர் சொன்னது பேச்சுக்கு அல்ல. கார் நின்ற ஷெட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார்; மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பதிவில்லாத வண்டியைத் தெருவில் நிறுத்த விடமாட்டார்கள். வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த ஒரே ஆள் பழைய இரும்புக் கடைக்காரர்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மச்சான் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு புலம்பினான். இவன் சுவரின் வலது ஓரத்தில் விரல் நகத்தை மெல்ல ஓட்டினான். ஓரிடத்தில் நின்றான்.

"இங்கதான் இருக்கு."

"எப்படி மாமா தெரியும்?"

"அவ சொல்லியிருக்கா. அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஒரே குழியா இருக்கு, அடைச்சுட்டேன்னு."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். அக்கா வேலை பார்த்தது பல் செட்டு செய்யும் கூடத்தில். நாள் முழுக்கக் குழியை நிரப்பி, மேட்டைத் தேய்த்து, நாக்குக்குக்கூடத் தட்டுப்படாமல் வழவழப்பாக்குவதுதான் பிழைப்பு. குழியைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"ஐயோ அக்கா! துருன்னு நினைச்சு நம்பரையே அடைச்சிருக்கியே!"

அவன் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரை எடுத்து வந்தான்.

"வேண்டாம். எண்ணும் சேர்ந்து போயிடும்."

மனைவியின் கருவிப் பெட்டியிலிருந்து மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு இவனே குனிந்தான். முதலில் வெண்ணெய் நிறம் செதில் செதிலாக வந்தது. அதன் கீழே சாம்பல் பூச்சு. அதற்கும் கீழே இளஞ்சிவப்பாக ஏதோ.

"என்ன மாமா இது, ஈறு மாதிரி?"

"ஈறுதான். பல் செட்டுக்கு ஈறு செய்யற பொருள்."

மச்சான் ஒரு கணம் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். "காருக்குப் பல் செட்டு கட்டியிருக்கா மாமா! கிழட்டு வண்டி, பாவம், கடிச்சுச் சாப்பிட வேணாமா!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

இவனுக்கு அழுகை வரவில்லை. அது வந்தே வெகு நாளாயிற்று. சாவுக்கு வந்தவர்கள், அதற்குப் பிறகு வந்தவர்கள், எல்லோருக்கும் சொல்ல ஒரே வாக்கியம்தான் இருந்தது. தங்கமான பெண். அதிர்ந்து பேசமாட்டாள். ஒரு குறை சொல்ல முடியாது. இவனும் தலையாட்டினான். தலையாட்டத் தலையாட்ட, தன்னோடு குடித்தனம் நடத்தியவள் மெல்ல யாரோ ஒரு புண்ணியவதியாக மாறிக்கொண்டு வந்தாள். அந்தப் புண்ணியவதியோடு இவனுக்கு அவ்வளவு பழக்கமில்லை.

கொக்கி ஒரு பள்ளத்தில் விழுந்தது. சிவப்புத் துணுக்கு தெறித்தது. உள்ளே ஏழு என்ற எண், சுத்தமாக, நேராக இருந்தது. பக்கத்தில் அடுத்தது, அதே உயரத்தில், அதே இடைவெளியில்.

"அறிவிருக்காடி உனக்கு?"

மச்சான் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"எல்லாக் குழியும் ஒரே அளவா வரிசையா இருக்கே, துரு என்ன ஸ்கேல் வெச்சா பிடிக்கும்? அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாக்க மாட்டியா? எதைக் கண்டாலும் பூசணும், தேய்க்கணும். இப்ப நான்தான் ஊரெல்லாம் போய்ப் பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன்."

இவன் நிறுத்தினான். சண்டையில் அவள் முறை வரும்போது எப்போதும் நிறுத்துகிற இடம் அது. அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். நீதான் பெரிய படிப்புப் படிச்சவனாச்சே, நீ பாத்துச் சொல்ல வேண்டியதுதானே? இவன் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. நன்றாக இருந்தது.

"மாமா" என்றான் மச்சான். "போனவளைப் போய்த் திட்டறீங்களே."

"தப்புப் பண்ணினா திட்டக் கூடாதா?"

"அது நமக்குள்ள. நாளைக்கு அங்க போய் இதைச் சொல்லாதீங்க. பண்ணைக்காரர் அடைச்சதுன்னு சொல்லிடுவோம். விசாரணை வந்தா அவர் பாத்துக்கட்டும்."

"அவருக்குக் கோழியை அடைக்கத்தான் தெரியும்."

"விளையாடாதீங்க மாமா. எண்ணை அழிச்சவங்கன்னு எங்க அக்கா பேர் அரசாங்கத்துல ஏறணுமா? அவ மேல ஒரு சொல்லு வந்ததில்ல இதுவரைக்கும்."

"அதான் மச்சான் கஷ்டமா இருக்கு" என்றான் இவன்.

மச்சானுக்கு அது புரியவில்லை. வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மறுநாள் வண்டியை இழுத்து வந்தான்.

ஆய்வாளர் சுவரைப் பார்த்தார். எண் முழுவதும் வெளியே வந்திருந்தது. மூலைகளில் மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டினார்.

"இது என்ன?"

"பல் செட்டுப் பொருள்" என்றான் இவன்.

ஆய்வாளரின் நாக்கு கன்னத்துக்குள் ஒரு மூலைக்குப் போய்த் திரும்பியது. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். உள்ளே போய்ப் பட்டியலில் தேடினார். வெளியே நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் கூப்பிட்டார்.

"திருட்டுப் பட்டியல்ல இல்ல. ஆனா எண்ணை அடைச்சிருந்தது யாருன்னு நான் எழுதணும். அது இல்லாம மேல போகாது."

மச்சான் இருமினான். இவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என் மனைவி. இப்ப உயிரோட இல்ல. துருன்னு நினைச்சு அடைச்சுட்டா."

ஆய்வாளர் தலையசைத்தார். குரல் தணிந்தது. "சரி, கவனக்குறைவுன்னு போட்டுடறேன். அதோட முடிஞ்சுது. இங்க கையெழுத்துப் போடுங்க."

இவன் பேனாவை எடுத்தான். மூடியைத் திறந்தான். மறுபடி மூடினான்.

"கவனக்குறைவு இல்ல மேடம்."

"என்னது?"

"அவ கவனமாத்தான் செஞ்சா. ரெண்டு நாள் உக்காந்து செஞ்சா. தப்பாச் செஞ்சா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல."

"பாருங்க சார், இந்தப் படிவத்துல இருக்கிற காரணமே நாலுதான். விபத்து, துரு, கவனக்குறைவு, மோசடி. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. ஒத்து வரலைன்னா திருப்பி அனுப்பிடுவேன். மறுபடி முதல்ல இருந்து வரணும்."

முதலிலிருந்து வர நாள் இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். மச்சான் இவன் முழங்கையைக் கிள்ளினான். "ஒரு வார்த்தை மாமா. போட்டுத் தொலைங்க. வண்டி எடைக்குப் போயிடும்."

"போகட்டும்."

அந்தக் குரலை மச்சான் நேற்று ஷெட்டில் கேட்டிருந்தான். இவனுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, யாரும் கேட்காமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மேடம், அவர் சொல்றது நிஜம். எங்க அக்காவுக்குக் கவனம் ஜாஸ்தி. அதுதான் வியாதியே. ஒரு தடவை கதவுல சாவி ஓட்டை வழியாக் காத்து வருதுன்னு அதையே அடைச்சுட்டா. அடைச்சுத் தேய்ச்சு, மேல பெயிண்டும் அடிச்சுட்டா. ஓட்டை எங்க இருந்துச்சுன்னே தெரியாது. பூட்டுக்காரர் வந்து, இது கதவா சுவரான்னு கேட்டார்."

ஆய்வாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பேனாவால் அந்த நான்கு காரணங்களையும் குறுக்கே அடித்தார். ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்தார்.

"'பழுது எனக் கருதி, உரிமையாளரால் நிரப்பப்பட்டது.' இது சரியா?"

மச்சான்தான் மெதுவாகக் கேட்டான். "உரிமையாளர்னு போட்டிருக்கீங்களே மேடம். அதுக்குத்தான் பேப்பரே இல்லையே."

"வாங்கினது அவங்க. செப்பனிட்டது அவங்க. கெடுத்ததும் அவங்க. வேற யாரைப் போடறது? அவங்க பேரைச் சொல்லுங்க. முந்தைய உரிமையாளர் இடத்துல எழுதிட்டு, அடுத்து உங்க பேரை ஏத்தறேன்."

இவன் அவள் பேரைச் சொன்னான். அதைச் சத்தமாகச் சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது. ஆய்வாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னான். கையெழுத்துப் போட்டான்.

முத்திரைக்காகக் காத்திருந்தபோது பக்கத்து மேஜை எழுத்தர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "சாவி ஓட்டையையா அடைச்சாங்க?" என்று கேட்டார். மச்சான் உற்சாகமாக மறுபடி ஆரம்பித்தான். "ஆமா சார், வீட்டு முன் கதவு..."

"முன் கதவு இல்ல" என்றான் இவன். "பின் கதவு. நான் வெளியில நின்னேன், கையில சாவியோட. அவ உள்ள இருந்துக்கிட்டு, நல்லாத் தேடிப் பாரு, அங்கதான் இருக்கும்கிறா."