பத்தடி சந்து

போன ஐப்பசி மழையில் திலகவதியின் ஓட்டு வீடு பாதி சரிந்துவிட்டது. அவளும் கணவன் தமிழ்வாணனும் பட்டுத்தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனார்கள். அதே மனையில் தறி போடுகிற நீளத்துக்கு ஓர் அறையோடு சின்ன மாடி வீடு கட்டலாமென்று பிளான் போட்டு நகராட்சி ஆபீசில் கொடுத்தார்கள். மாசியில் மனு திரும்பி வந்தது. வீட்டு முன் சந்து ஒன்பது அடி அகலம்தான் இருக்கிறது, பத்து அடி இல்லாமல் அனுமதி கிடையாது என்று எழுதியிருந்தது.

திலகவதி அந்தக் காகிதத்தோடு ஆபீசுக்குப் போனாள்.

"எதிர்வீட்டுக் குமரேசன் அண்ணனுக்கு ரெண்டு வருஷம் முன்ன மாடி வீட்டுக்கு அனுமதி குடுத்தீங்களே சார். அதுவும் அதே சந்துதானே?"

எழுத்தர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "அவரு ஃபைல் எனக்குத் தெரியாதும்மா. உங்க ஃபைல்ல ஒன்பதுன்னு போட்டிருக்குது."

குமரேசன் பட்டுச்சேலை வியாபாரி. தமிழ்வாணன் அவரிடம் நூல் வாங்கித்தான் நெய்கிறான்.

"வுட்டுடு. அவருகிட்ட பேஜார் பண்ணிகினா நாளைக்கு எனக்கு நூல் யாரு குடுப்பாங்க?" என்றான்.

"நான் சண்டைக்கா போறேன்? அளவு எப்படி மாறிச்சுன்னுதானே கேக்கறேன்."

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாள். குமரேசன் வீட்டுப் பிளானின் நகல் தபாலில் வந்தது. அதில் சந்து பத்து அடி. டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தானே அளந்து பார்த்தாள். சுவருக்குச் சுவர் பத்து அடி சரியாக இருந்தது. ஆனால் வீடு கட்டி முடித்த பிறகு குமரேசன் போட்ட கிரானைட் படிகள் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் மனுவுக்கு அளக்க வந்தவர்கள் படியிலிருந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் அவரிடமே போய்ச் சொன்னாள்.

"அண்ணா, படியை உள்ள தள்ளிக்கினீங்கன்னா எங்களுக்கு வீடு வந்துரும்."

"உன் வீட்டுக்காக நான் என் படியை இடிக்கணுமா? போம்மா."

அன்றைக்கே மறுபடியும் மனு எழுதினாள். குமரேசன் பெயர் அதில் இல்லை. சந்து முழுவதையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி அளந்து கொடுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

இருபது நாள் கழித்து, சர்வேயர் இவாஞ்சலின் பழைய நில வரைபடத்தோடு வந்தார். தெருவே வெளியில் வந்து நின்றது. குமரேசன் படி ஓரடி வெளியே என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி அளந்தார்.

"உங்க பழைய சுவரும் அரையடி வெளிய இருக்குதும்மா. வரைபடத்துல சந்து பத்தரை அடி."

திலகவதிக்கு முகம் சுருங்கிவிட்டது. தறி அறை ஏற்கெனவே இழுத்துப் பிடித்த அளவு.

குமரேசன் முன்னால் வந்தார். "பாத்தீங்களா மேடம்! அவங்களுக்கு அரையடி வுட்டீங்கன்னா எனக்கும் வுடணும்."

"எங்களுக்கு வுட வேணாம் மேடம்," என்றாள் திலகவதி. "கோடு போடுங்க. அதுக்கு உள்ளதான் கட்டுவோம்."

இவாஞ்சலின் அவள் பக்கம் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டார். பிறகு குமரேசன் படியிலும் போட்டார்.

மறுவாரம் அவரே ஆள் வைத்துப் படியை உடைத்தார். தமிழ்வாணனுக்கு நூல் கொடுப்பதையும் நிறுத்தினார். அவன் பத்து நாள் அலைந்து, சேவூரில் வேறொருவரிடம் நூல் வாங்கித் தறியில் உட்கார்ந்தான். அப்போதும் திலகவதி மனுவைத் திரும்ப வாங்கலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

சமையலறையைக் குறுக்கிப் பிளானைத் திருத்திக் கொடுத்தார்கள். ஆவணியில் அனுமதி வந்தது. அஸ்திவாரத்துக்கு ஜல்லி ஏற்றிய மினி லாரி சந்துக்குள் நுழைந்தபோது, குமரேசன் வெளியே வந்து தன் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். திலகவதியைப் பார்க்காமலேயே உள்ளே போனார். லாரி உரசாமல் வந்து நின்றது.