மிளகளவுக் கரி

அன்று காலை ஆய்வுகூட உதவியாள் சஞ்சயன் உரலைக் கீழே போட்டு உடைக்காமல் இருந்திருந்தால், ஆராய்ச்சியாளர் அனற்றுக்கு விஷயம் தெரிய இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ, அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம்.

கண்டிக்கு வெளியே, ஹந்தானை மலையைப் பார்த்திருந்த அந்த ஆய்வுகூடத்தில் அவளுக்கு ஒரே வேலை. தேங்காய்ச் சிரட்டைக் கரியின் துளைகளுக்குள் வாயு எவ்வளவு வேகமாகப் புகுந்து தங்குகிறது என்று அளக்க வேண்டும். கரியை உரலில் மாவாக அரைத்து, சலித்து, மூடிய கலத்துக்குள் தொங்கும் தராசில் வைத்து அமோனியாவை உள்ளே விடுவாள். கரி வாயுவைப் பிடிக்கப் பிடிக்க எடை ஏறும். கூடவே திரையில் கோடும் ஏறும். அரைத்துச் சலிப்பது அங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

உரல் இல்லாததால் இன்று கரியை அப்படியே, மிளகு மிளகாக, தட்டில் போட்டாள். வழக்கமாகப் பொங்கும் பால் மாதிரி எழும் கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. வால்வைப் பார்த்தாள், வெப்பநிலையைப் பார்த்தாள். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. புதுக் கரி போட்டு மறுபடியும் தொடங்கினாள். அதே ஆமை நடை.

அப்போதுதான் அவளுக்கு முகமூடிகள் நினைவுக்கு வந்தன. கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில், குழாயில் அமோனியா கசிந்தால் மாட்டிக்கொள்ளவென்று கொடுத்த முகமூடிகளில் இருப்பது தூள் அல்ல. தூளைப் போட்டால் மூச்சு இழுக்க முடியாதே! இந்த மிளகளவுக் கரிதான் இருக்கிறது. அவள் அளந்தது ஒன்றை, அவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொன்றை. "பாவிக்கலாம்" என்று போன மாதம் அந்த முகமூடிகளுக்குக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அங்கே மெக்கானிக்காக இருப்பவன் அவள் புருஷன் ரொஹான்.

அவள் கூப்பிட்டதும் வந்த பேராசிரியர் வரதராசா திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏன் பிள்ளை பதறுறீர்? கரி ஒண்டுதானே. கடைசியிலை பிடிக்கிற அளவும் ஒண்டுதான்."

"அளவு சரிதான் சேர். ஆனா மூச்சு காத்துக்கிட்டு இருக்காதே! கரி பிடிக்கிறதுக்குள்ள வாயு தாண்டிப் போயிடும்."

கண்ணாடி துடைத்த கை நின்றது. "ஓம்," என்றார், மெதுவாக. "உடனை அடியும் போனை."

ரொஹானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது, அவன் போனை விட்டுப்போன அலுவலகத்தின் கிளார்க் டொரதி.

"அனற்றா? அவரு உள்ள போயிருக்காரு. பெரிய குழாயில கேஸ் லீக். வால்வை மூடப் போறேன்னு உங்க மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு..."

"அக்கா, அந்த மாஸ்க் தாங்காது! மெயினை ஆஃப் பண்ணுங்க!"

பம்புச் சத்தத்தில் கூப்பிட்டால் உள்ளே கேட்காது. மெயின் சுவிச்சை அணைத்து விளக்குகள் போனால் எல்லோரும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலை வழக்கம். ஆனால் முதலாளி சொல்லாமல் அதில் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

"ஐயோ, முதலாளி என்னைக் கொன்னுடுவாரு. ஐஸ் பூராவும் கரைஞ்சிடும்."

"கரையட்டும்! நான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்த மாஸ்க்குக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தான், அது பிழைன்னு சொல்லுங்க. போங்க அக்கா, மாதாவே, போங்க!"

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. பம்பின் இரைச்சல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அனற் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வரதராசா ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

இரைச்சல் நின்றது.

பிறகு யாரோ கத்தினார்கள், கதவு அடித்தது, ஒரு இருமல். விட்டு விட்டு, நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும் இருமல். அந்த இருமலைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. இருமுகிறவன் உயிரோடு இருக்கிறான்.

"அனற்," என்றான் ரொஹான். குரல் கிழிந்திருந்தது. "கண்ணைத் திறக்க முடியல. லைட் போகலேன்னா இன்னும் உள்ளதான் நின்னிருப்பேன்."

"எதுக்கு உள்ள போனீங்க? ஃபயர் பிரிகேட் வர்ற வரைக்கும் நிக்கக் கூடாதா?" அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நின்னுதான் இருப்பேன்," என்று இருமினான். "மத்தவங்க எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. என் பொண்டாட்டி அளந்து பார்த்த மாஸ்க், ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் போனேன்."

டொரதி போனை வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

அனற் பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். யாரும் கவனிக்காமல் விட்ட கோடு திரையில் ஏறி முடிந்திருந்தது. தூள் பிடித்த அதே அளவை, குறையே இல்லாமல், மிளகளவுக் கரியும் இப்போது பிடித்திருந்தது.