ஜெனிபரின் முறை

விருத்தாசலத்தில் ரயில் கிளம்பியதும் அமலராணி ஜெபமாலையை எடுத்தாள். எந்த ஊருக்குப் போனாலும் வழியில் ஆளுக்குப் பத்து மணிகள் உருட்டிச் சத்தமாக ஜெபிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பா, அம்மா அமலராணி, பிறகு மகள் ஜெனிபர். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு வெளியாட்கள் முன் ஜெபிக்கக் கூச்சம். இந்த முறை சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மாலை கைக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவின் முகம் வாடியது.

மடியில் குழந்தையோடு எதிரே இருந்த பெண் பதறினாள். "ஏங்க நிறுத்திட்டீங்க? இப்பதான் கண்ணசந்தான். முழிச்சான்னா பொட்டியவே ரெண்டாக்கிடுவான்."

ஜெனிபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். அம்மாவும் அப்பாவும் பதில் சொன்னார்கள். பத்தும் முடிந்தபோது குழந்தை நன்றாகத் தூங்கியிருந்தது.

மாலையை அவள் திருப்பித் தரவில்லை.

"அடுத்ததும் நானே சொல்றேம்மா."